பிடிபட்ட கடிதமே பிழைத்தது

கோலா தெர்லாவில் இரவு ஒரு வெள்ளைத் தாளை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் காலையில் எடுத்துப் பாருங்கள். மொடமொடப்பு போயிருக்கும். விரலால் சுண்டினால் ஓசை வராது. சாரல் பட்டிருக்காது, பனி விழுந்திருக்காது. காற்றிலிருந்த ஈரத்தைக் குடித்தே தாள் துவண்டிருக்கும். கேமரன் மலையின் ஊர்கள் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 முதல் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. சராசரி வெப்பநிலை 18 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கொழுந்து தளதளவென்று எழும்புவது இந்த ஈரத்தால்தான். காகிதத்துக்கு எமனும் இதே ஈரம்தான்.

தேயிலைச் சரிவு முடிந்து காடு தொடங்கும் எல்லைக்கு அப்பால், இதே தித்திவங்சா மலைத்தொடரின் ஈரத்துக்குள், ஒரு படை ஏறத்தாழ முழுக்கக் கடிதங்களாலேயே நடத்தப்பட்டது. முதலில் ஜப்பான்காரன் காலத்தில், மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை என்ற பெயரில். பிறகு 1948 முதல் 1960 வரை, நம் பெரியவர்கள் அவசரகாலம் என்று சொல்லும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில், மலாயா தேசிய விடுதலைப் படை என்ற பெயரில். அதன் தளபதிகள் காட்டுக்குள் உட்கார்ந்து கட்டளை எழுதினார்கள், அறிக்கை எழுதினார்கள், கண்டித்து எழுதினார்கள், அரிசி கேட்டு எழுதினார்கள். அந்தத் தாள்களில் எவை மிஞ்சின, ஏன் அவை மட்டும் மிஞ்சின என்ற கேள்வியில் வேதியியலும் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

கேமரன் மலையின் மேற்குச் சரிவில் இறங்கினால் பேராக்கின் பீடோர். அதற்கு மேலே மலையில் பிளாந்தான் என்றொரு காட்டு முகாம் இருந்தது. 1943 டிசம்பர் கடைசியில் அங்கே, ஜப்பானியரை எதிர்த்து இணைந்து செயல்பட ஓர் ஒப்பந்தம் கையால் எழுதப்பட்டுக் கையெழுத்தானது. ஒரு பக்கம், நீர்மூழ்கிக் கப்பலில் வந்து கரையேறிய பிரிட்டிஷ் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136-இன் ஆட்கள்: ஜான் டேவிஸ், ரிச்சர்ட் புரூம், லிம் போ செங். மறுபக்கம், அந்தப் படையை நடத்திய மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் லாய் தெக். லிம் போ செங் தன் பெயரை டான் சூன் லிம் என்று எழுதினார். லாய் தெக் சாங் ஹோங் என்று எழுதினார். இந்த இரண்டு தரப்பையும் இணைக்க மலையேறி இறங்கிக்கொண்டிருந்த கட்சித் தொடர்பாளருக்கு அப்போது வயது 19. சித்தியவானில் சைக்கிள் கடை வைத்திருந்தவரின் மகன். பிறந்தபோது வைத்த பெயர் ஓங் பூன் ஹுவா. உலகம் அறிந்த பெயர் சின் பெங்.

ஒப்பந்தம் தயார். அதை இலங்கையில் இருந்த தலைமையகத்துக்குச் சொல்ல வழியில்லை. வானொலிக் கருவிகள் கனமானவை. பாட்டரி, மின்னாக்கி எல்லாம் சேர்த்து ஜப்பானியர் கண்ணில் படாமல் மலைக்கு ஏற்ற முடியவில்லை. இலங்கையோடு வானொலித் தொடர்பு 1945 பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதற்கிடையில் ஓராண்டுக்கும் மேலாக அந்த ஒப்பந்தம் மலைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தது. லிம் போ செங் 1944 மார்ச்சில் பிடிபட்டு, ஜூன் 29 அன்று பத்து காஜா சிறையில் இறந்தே போனார். கையெழுத்திட்டவர் மறைந்த பிறகே, அவர் கையெழுத்திட்ட செய்தி கடல் தாண்டியது.

போர் முடிந்ததும் 1946 ஜனவரியில் சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் கையால் சின் பெங் பதக்கம் பெற்றார். இரண்டரை ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. லாய் தெக் மூன்று அரசுகளுக்கு உளவு சொன்னவர் என்பது அதற்கு முந்தைய ஆண்டே வெளிப்பட்டிருந்ததால், பதக்கம் வாங்கிய அதே இளைஞர்தான் இப்போது கட்சியின் பொதுச் செயலாளர். காட்டுக்குள் போன அவரிடம் ஆயிரக்கணக்கான ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களோடு பேச வானொலி இல்லை. இருந்தாலும் பயன்படுத்தியிருக்க முடியாது: அலை எழுப்பினால் அது எங்கிருந்து வருகிறது என்று திசை கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே தாள், பேனா, கால்.

அந்தக் காட்டுத் தபால் எப்படி ஓடியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டும். கடிதம் மெல்லிய தாளில் பொடி எழுத்தில் எழுதப்படும். எடை குறைய வேண்டும், அளவு குறைய வேண்டும், ஆபத்து வந்தால் வாயில் போட்டு விழுங்கவும் முடிய வேண்டும். மடித்துச் சுருட்டினால் விரல் தடிமன்கூட இராது. அதை எடுத்துப் போகிறவருக்கு முழு வழியும் தெரியாது. தன் பகுதி மட்டுமே தெரியும். காட்டு விளிம்பில் ஒரு மரப்பொந்தோ மூங்கில் கணுவோ அடையாளம் வைத்திருப்பார்கள். அங்கே போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். அடுத்தவர் வேறொரு நாளில் வந்து எடுப்பார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள். காட்டுக்கு வெளியே, பால்மரம் வெட்டப் போகிறவராகவோ சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகிறவராகவோ தெரியும் சாதாரண மனிதர், பஸ்ஸில் ஏறி அடுத்த ஊருக்குக் கொண்டுபோவார்.

ஒருவர் பிடிபட்டாலும் சங்கிலி முழுக்க அறுந்துவிடாது என்பது இந்த ஏற்பாட்டின் பலம். அதற்கு விலை, காலம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் காத்திருப்பு. ஒரு இடத்தில் ராணுவம் முகாமிட்டால் அந்தப் பொந்துக்கு யாரும் வர மாட்டார்கள். கடிதம் ஈரத்தில் ஊறிக்கொண்டிருக்கும். கட்சி 1951 அக்டோபர் 1 என்று தேதியிட்டு எடுத்த தீர்மானங்கள், மக்களைத் துன்புறுத்தும் தாக்குதல்களைக் குறைக்கச் சொன்னவை. போரின் போக்கையே மாற்றிய தாள்கள் அவை. எல்லாப் பிரிவுகளுக்கும் அவை போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி ஃபிரேசர் மலைச் சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டது அந்தத் தேதிக்குப் பிந்தைய ஐந்தாவது நாள், அக்டோபர் 6. தலைமை எழுதியது போய்ச் சேரும் முன்பே முனையில் இருப்பவர்களின் துப்பாக்கி பேசிக்கொண்டிருந்தது. அந்தத் தீர்மானங்கள் 1952-இல் பிரிட்டிஷார் கையிலும் சிக்கின. தம் படையின் சில பிரிவுகளுக்கு முன்பே எதிரி படித்துவிட்டான் என்றுகூட நினைக்க இடமிருக்கிறது.

அதனால்தான் மலாயா போலீசின் ஸ்பெஷல் பிராஞ்ச் ஆளைப் பிடிப்பதைவிடக் கடிதத்தைப் பிடிப்பதில் குறியாக இருந்தது. 1952 ஜூலையில் ஈப்போவில் லீ மெங் என்ற இளம்பெண் கைதானார். பேராக்கின் காட்டுத் தபாலை நடத்தியவர் அவர்தான் என்றது அரசுத் தரப்பு. கையெறிகுண்டு வைத்திருந்ததாக வழக்கு. முதல் விசாரணை முடிவுக்கு வராமல் இரண்டாவது விசாரணையில் மரண தண்டனை. ஹங்கேரி அரசு தன் சிறையிலிருந்த ஒரு பிரிட்டிஷ்காரரை விடுவித்துப் பதிலுக்கு இவரைக் கேட்டது. லண்டன் மறுத்தது. 1953-இல் பேராக் சுல்தான் தண்டனையைக் குறைத்தார். பல ஆண்டு சிறைக்குப் பின் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். ஈப்போவிலிருந்த ஒரு தபால்காரிக்காக இரும்புத் திரைக்கு அப்பாலிருந்து ஓர் அரசு பேரம் பேசியது என்றால், அந்தச் சுருட்டிய தாள்களின் மதிப்பு என்னவென்று புரியும்.

சிக்கிய தாளைப் படிப்பதே ஒரு தனி வித்தை. காய்ந்த சுருளை அவசரப்பட்டு விரித்தால் மடிப்பில் விண்டுவிடும். காகிதம் என்பது செல்லுலோஸ் இழைகளின் பின்னல். இழைக்கும் இழைக்கும் இடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. நீராவி உள்ளே நுழைந்தால் அந்தப் பிணைப்புகள் தளர்ந்து இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். கோலா தெர்லாவின் ஜன்னலோரத்தில் தாளைத் துவளவைத்த அதே இயல்பைத்தான் பாதுகாப்பு வல்லுநர் பயன்படுத்திக்கொள்கிறார்: மூடிய பெட்டிக்குள் ஈரக்காற்றில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் சுருள் தானே இளகும். பிறகு இரண்டு உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து லேசான எடையில் உலர்த்த வேண்டும்.

விரித்த தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இன்னொரு கடிதம் தெரியக்கூடும். மேலே வைத்து எழுதிய தாளின் அழுத்தம் கீழ்த்தாளில் பள்ளமாகப் பதிந்திருக்கும். விளக்கைத் தாளின் விளிம்பு உயரத்துக்குத் தாழ்த்தினால் பள்ளங்களில் நிழல் விழும்; எழுத்து எழும்பும். 1970-களின் கடைசியில் லண்டனில் இதைவிடக் கூர்மையான முறை வந்தது. தாளின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, மின்னூட்டம் ஏற்றி, ஜெராக்ஸ் இயந்திரத்தில் இருப்பது போன்ற கரும்பொடியைத் தூவினால், கண்ணுக்கே தெரியாத அழுத்தத் தடங்களிலும் பொடி போய்ப் படியும். எரித்துவிட்ட கடிதத்தை, அதற்கு அடியில் இருந்த வெற்றுத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். எழுதியவர் அனுப்பாமல் கிழித்த வரியையும் அது மறக்காது.

மையும் பேசும். சீன மை என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும். கரி என்பது கார்பன்; வெயில் அதை வெளுக்காது, பூஞ்சை தின்னாது. பென்சிலின் கிராஃபைட்டும் கார்பனே. அதனால் பென்சில் கடிதம் ஆற்றில் விழுந்தாலும் எழுத்து கரையாது. பவுண்டன் பேனாவின் நீலச்சாய மை அப்படியல்ல, ஒரு தூறலில் வழிந்துவிடும். மூன்றும் கண்ணுக்கு அடர்நிறமாகத் தெரிந்தாலும் அகச்சிவப்புக் கதிரில் வேறுபடும்: கார்பன் அந்தக் கதிரை விழுங்கிக் கறுப்பாகவே நிற்கும், சாயமை பலவும் அதை விட்டுவிடுவதால் மறைந்தே போகும். கார்பன் மையில் எழுதிய கடிதத்தைப் பின்னால் யாரோ சாயமையால் திருத்தியிருந்தால், அகச்சிவப்பு விளக்கின் கீழ் திருத்தம் மட்டும் காணாமல் போய் முதல் எழுத்து வெளிப்படும். அடித்து மறைத்த பெயரும் இப்படி வெளிப்படலாம்.

இன்னொரு மை இருக்கிறது. அதைத் தேயிலை நாட்டுக்காரர் சமையலறையிலேயே செய்யலாம். துருப்பிடித்த ஆணி ஒன்றை வினிகரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். திக்கான தேயிலைச் சாயத்தில் அந்த வினிகரைச் சில சொட்டு விடுங்கள். செம்பழுப்புத் தேநீர் உங்கள் கண் முன்னே கறுக்கும். தேயிலையின் பாலிஃபீனால்கள் இரும்போடு சேர்ந்து கருஞ்சேர்மமாகின்றன. நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை கூட்டியதும், ஐரோப்பியர் ஓக் மரக் கழலையையும் அன்னபேதியையும் சேர்த்ததும் இதே வேதிவினைதான். இதையே இரண்டாகப் பிரித்தால் ரகசிய மை கிடைக்கும். அமெரிக்கப் புரட்சிப் போரில் ஜேம்ஸ் ஜே என்ற மருத்துவர் ஜார்ஜ் வாஷிங்டனின் ஒற்றர்களுக்குக் கொடுத்தது அதைத்தான் என்று கருதப்படுகிறது: துவர்ப்புக் கரைசலால் எழுதினால் எதுவும் தெரியாது, பெறுபவர் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினால் எழுத்து முளைக்கும்.

வாஷிங்டனை இங்கே வேறொரு காரணத்துக்காகவும் கொண்டுவருகிறேன். அவரும் தன் நாட்டு அரசை எதிர்த்த தளபதிதான், தோற்றிருந்தால் தூக்குமேடைதான். ஆனால் 1781-இல், போர் முடியும் முன்பே, ரிச்சர்ட் வாரிக் என்பவரை நியமித்துத் தன் போர்க்காலக் கடிதங்கள் அத்தனையையும் எழுத்தர்களை வைத்துப் படியெடுக்கச் சொன்னார். 44 தொகுதிகள் உருவாயின. அவருடைய தாள்களில் ஏறத்தாழ 77,000 இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. அவருக்கு வண்டி இருந்தது, பெட்டி இருந்தது, எழுத்தர் இருந்தார்கள், கடைசியில் வெற்றியும் இருந்தது. மலாயாக் காட்டுத் தளபதிக்கு முதுகுப்பை மட்டும்தான். முகாம் தாக்கப்பட்டால் தாள் எதிரி கைக்குப் போகும். ஒரு தாளில் இருக்கும் ஒரு பெயர் ஒரு கிராமத்தையே சிறைக்கு அனுப்பும். ஆகவே படித்தவுடன் எரிப்பதே நடைமுறை.

இதன் விளைவு விசித்திரமானது. போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேர்ந்த கடிதம் நெருப்புக்குப் போனது. வழியில் சிக்கிய கடிதம் போலீஸ் கோப்புக்குள் போய், நகலெடுக்கப்பட்டு, ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, காய்ந்த அலமாரியில் பத்திரமானது. அதாவது இன்று ஆராய்ச்சியாளர் கையில் இருப்பவை பெரும்பாலும் தோற்ற கடிதங்கள். வெற்றி பெற்ற கடிதத்துக்குச் சாட்சி இல்லை. சிக்கியவற்றை மட்டும் வைத்து அந்தப் படையைப் பற்றி முடிவு கட்டினால், அது எப்போதும் பட்டினியிலும் குழப்பத்திலும் சண்டையிலும் இருந்ததாகத் தோன்றும். அது ஓரளவு உண்மைதான்: கடைசி ஆண்டுகளில் அரிசி கிடைக்காமல் தவித்தார்கள், சுயவிமர்சனம் எழுதித் தந்தார்கள், திருமணத்துக்குக்கூடக் கட்சியின் அனுமதி கேட்டார்கள். ஆனால் முழு உண்மை அல்ல. நிர்வாகம் சீராக நடந்த நாட்களின் தாள்கள்தாம் முதலில் சாம்பலாயின. இந்த வரலாற்றைப் படிக்கும்போது இந்தச் சாய்வை மறக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிடித்தவர்களும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவில்லை. 1957-இல் சுதந்திரம் நெருங்கியபோது, கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறைய அரசு ஆவணங்கள் சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கிருந்த எரியுலையில் எரிக்கப்பட்டன. எரிக்காமல் இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்ற குடியேற்ற நாட்டுக் கோப்புகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பல பத்தாண்டுகள் மறைந்து கிடந்தன. கென்யாவின் மாவ் மாவ் போராளிகள் தொடுத்த வழக்கால்தான் 2011-இல் அவை இருப்பதே உலகுக்குத் தெரிந்தது. 2012-இலிருந்து பகுதி பகுதியாக வெளியாயின, மலாயாக் கோப்புகளும் அவற்றில் அடக்கம்.

சின் பெங்கின் வாழ்க்கையில் இந்த நிலைமை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பகாங் காட்டிலிருந்த தலைமையகம் மலைத்தொடர் வழியாக வடக்கே நகர்ந்து 1953 வாக்கில் தாய்லாந்து எல்லையை அடைந்தது. 1955-இல் அமைதி பேச விரும்பியபோதும் கடிதம்தான் துணை: விடுதலைப் படைத் தலைமையகத்தின் சார்பில் இங் ஹெங் என்ற பெயரில் எழுதப்பட்ட கடிதம் தென் தாய்லாந்தின் ஹாட்யாயில் தபாலில் சேர்க்கப்பட்டு மலாயாவுக்கு வந்தது. டிசம்பரில் பாலிங்கில் மலாயாவின் முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மானோடு பேச்சு, பலனில்லை. அந்தப் பேச்சுக்கு சின் பெங்கைக் காட்டு விளிம்பிலிருந்து அழைத்து வந்தவர், பிளாந்தானில் ஒன்றாக இருந்த பழைய நண்பர் ஜான் டேவிஸ். 1989 டிசம்பர் 2 அன்று ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. அதன் பிறகு தன் கதையை எழுத நினைத்த தளபதியிடம் தன் தாள்கள் இல்லை. 1998-இல் லண்டன் போய்ப் பிரிட்டிஷ் அரசின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டினார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர், தன் படையின் நடமாட்டத்தை எதிரி எழுதி வைத்த பக்கங்களில் சரிபார்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு கான்பெராவில் வரலாற்றாசிரியர்களோடு அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். நினைவுநூல் 2003-இல் வந்தது.

அவருக்கு மிகவும் தேவைப்பட்ட தாள் அங்கேயும் இல்லை. மலேசியாவுக்குத் திரும்ப அனுமதி கேட்டு வழக்குப் போட்டபோது, குடியுரிமையை நிரூபிக்கப் பிறப்புப் பத்திரம் காட்டு என்றது நீதிமன்றம். அது 1948-இல் போலீஸ் சோதனையில் பறிபோய்விட்டது என்றார் அவர். 2008 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஆவணம் காட்டத்தான் வேண்டும் என்றது. 2009 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றமும் கைவிட்டது. 2013 செப்டம்பர் 16 அன்று பாங்காக்கில் இறந்தார். அவருடைய படையால் உறவுகளை இழந்த குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். அவர் வரக் கூடாது என்று அவர்கள் சொன்னதில் நியாயமில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மனிதனின் ஊரை முடிவு செய்யும் வழக்கு கடைசியில் ஒற்றைத் தாளில் வந்து நின்றது என்பதைச் சொல்லாமல் கடக்க முடியாது.

அந்தப் போரில் தமிழர்களும் இருந்தார்கள், இரு பக்கத்திலும் இருந்தார்கள், நடுவிலும் சிக்கினார்கள். 1947-இல் லண்டனில் நடந்த பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநாட்டுக்கு மலாயாவிலிருந்து போன மூவரில் ஒருவர் ஆர். ஜி. பாலன், மறு ஆண்டே காவலில் வைக்கப்பட்டார். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு அவருக்காகப் பரிந்து பேசியது. அவரைத் தேடிப் போகும் ஆராய்ச்சியாளருக்குக் கிடைப்பவை வழக்குக் குறிப்புகளும் தூதரகத் தந்திகளும்தாம். அவரைப் பற்றிப் பிறர் எழுதியவை. தோட்டத்து லயங்களில் இருந்தவர்களோ, அரசின் மறுகுடியமர்த்தலில் லட்சக்கணக்கில் முள்வேலிக்குள் கூட்டப்பட்டார்கள். 12 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் 1948-இல் அடையாள அட்டை வந்தது. காட்டுக்காரர்கள் அந்த அட்டையைப் பிடுங்கிக் கிழிப்பார்கள். அட்டை இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும்.

சரி, அரசுக் கோப்பில் நுழையாத தாள் ஏதாவது இந்த மலையில் பிழைத்திருக்க முடியுமா? வேதியியல் சொல்லும் பதில் சுவையானது. செல்லுலோஸ் என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் மணிமாலைபோலக் கோத்த சங்கிலி. அமிலமும் நீரும் சேர்ந்தால் மாலை அங்கங்கே அறுகிறது. அறுந்து அறுந்து குட்டையானால் தாள் பொடிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆலைக் காகிதத்தில் மை பரவாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அதனால் அமிலம் தாளுக்குள்ளேயே பிறந்தது. மரத்தை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாளில் லிக்னினும் இருப்பதால் மஞ்சளாகி முறியும். மல்பெரிப் பட்டை போன்ற நீள நாரில் கையால் செய்த கிழக்காசியத் தாள் அமிலம் குறைந்தது, மெல்லியதானாலும் உறுதி. வெப்பம் 10 பாகை குறைந்தால் இந்த அரிப்பு ஏறத்தாழப் பாதியாகும் என்பது வேதியியலின் தோராய விதி. அந்தக் கணக்கில் கோலாலம்பூரைவிடக் கேமரன் மலை தாளுக்கு நல்லது! ஆனால் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வித்துகள் முளைக்கும். மலையின் குளிர் காப்பாற்றுவதை மலையின் ஈரம் கெடுக்கிறது. கறையானும் இராமபாணப் பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஈரத்தை மட்டும் அடைத்துவிட்டால் இந்தக் குளிரில் நல்ல தாள் நெடுங்காலம் தாங்கும்.

அமிலத்தை அடக்கவும் வழியுண்டு. வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பின் தெளிந்த நீரில் தாளைக் குளிப்பாட்டினால் அமிலம் நடுநிலையாகி, எஞ்சும் சுண்ணாம்பு பின்னால் வரும் அமிலத்துக்கும் காவலாக நிற்கும். கரையாத மை என்று சோதித்த பிறகே வல்லுநர் இதைச் செய்வார். கிழிந்த இடத்தில் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டுவார். தேவைப்பட்டால் தண்ணீரிலேயே பிரித்தெடுக்கலாம். திரும்ப எடுக்க முடியாத எதையும் தாளில் செய்யக் கூடாது என்பதே இத்தொழிலின் முதல் விதி.

கேமரன் மலையில் மூன்று, நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களின் இரும்புப் பெட்டிகளில் இன்னும் தாள்கள் இருக்கின்றன: 1948-இன் அடையாள அட்டை, கப்பல் சீட்டு, பெரட்டுச் சீட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம், சங்கச் சந்தா ரசீது, பிறப்புப் பத்திரம். அவற்றைக் கடைக்குக் கொண்டுபோய் லாமினேட் செய்யாதீர்கள். சூடும் பசையும் உள்ளே போனால் யாராலும் மீட்க முடியாது. செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரும்புக் கிளிப்பைக் கழற்றுங்கள், துருவே தாளைத் தின்னும். கைப்பேசியில் இரு பக்கமும் படமெடுங்கள். காய்ந்த நாளில், மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். யாருடைய தாள், எந்த ஆண்டு என்று உறையின் மேல் பென்சிலால் எழுதுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் கோலாலம்பூரில் மலேசியத் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தனியார் ஆவணங்களையும் அது ஏற்றுக்கொள்கிறது.